இந்தத் தண்ணீருக்கு எந்த நிறம்

1

இங்கே மீன் பிடிப்பது பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை. கால்பந்துக்கு அணி இருப்பதுபோல மீன்பிடிக்கும் அணி உண்டு. சட்டை உண்டு, பயிற்சியாளர் உண்டு, கோப்பை உண்டு. அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்ற மாநிலத்தில், ஒரு பெரிய அணைக்கட்டு ஏரியின் பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். என் மகள் ஆஷ்லின் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு வருடமாக அந்த அணியில் இருக்கிறாள்.

கேரளாவின் தெற்கு எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர் பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜஸ்டினிடம் முதன்முதலாக இதைச் சொன்னேன். அவன் என் சின்ன வயதுக் கூட்டாளி.

"எலே, நாம வராலு பிடிக்கப் போயி பள்ளிக்கூடத்துல அடி வாங்கினோம். உனக்க மோளுக்கு அதுக்குக் கப்பு குடுக்கியானுவளா?"

"ஆமாலே."

"அப்பம் நாமதான் தேசம் மாறிப் பொறந்துட்டோம்."

ஊரில் இதை வாசிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. தண்ணீரின் மேலே மிதந்து துடிக்கிற போலி இரைக்கு இங்கே லூர் என்று பேர். அதை வீசி, கீழே கிடக்கும் மீனை மேலே வரவழைத்துப் பிடிப்பதை டாப்வாட்டர் என்கிறார்கள். பிடிக்கிற மீன் பாஸ். நம் வராலுக்கு அது உறவில்லை, ஆனால் குணம் அதே. பதுங்கிக் கிடந்து, தலைக்கு மேல் ஏதாவது துடித்தால் வெடிபோல வந்து அடிக்கும். ஒரு படகில் இரண்டு பிள்ளைகள் போவார்கள். கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர்தான் படகு ஓட்டுவார், மீன் பிடிக்கக் கூடாது. அவருக்குக் கேப்டன் என்று பேர்.

இந்த வருடம் ஏப்ரல் போட்டியன்று காலையில் ஆஷ்லின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். குழாயைத் திறந்து வைத்திருந்தாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று. எனக்குக் கேட்டது. எனக்கு எல்லாம் கேட்கும். கவலைப்படுகிறவனுக்குக் காது மற்றவர்களைவிடக் கூர்மை.

அன்றைக்கு அவள் ஒரு மீனும் பிடிக்கவில்லை. அவளோடு படகில் போகும் பெண் எம்மா. எம்மாவின் அப்பாதான் அதுவரை கேப்டன். அவர் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மகள் பாதி நேரம் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத் திறந்து லூர் நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள் என்றார். கறுப்பைக் கட்டுவாள், இரண்டு தடவை வீசுவாள், அவிழ்த்து மஞ்சளைக் கட்டுவாள், அப்புறம் பச்சை. கை நடுங்கி முடிச்சு விழாது. அதற்குள் வெயில் ஏறி, மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "மே மாசப் போட்டியோட நான் விட்டுருவேன் அப்பா. என்னால ஒக்கல."

என் மனைவி ஷீபா நெய்யாற்றின்கரைக்காரி, நர்ஸ். இங்கே நாங்கள் வந்ததே அவளுடைய வேலையால்தான். பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்.

"அவ உங்கள மாதிரியாக்கும். அதே வெப்ராளம்."

பதற்றத்துக்கு நம் பக்கத்தில் சொல்கிற வார்த்தை அது. ஷீபா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் இத்தனை என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2

நான் எப்படிப்பட்டவன் என்று ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று தனுவச்சபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். பஸ் முழுக்கப் பிள்ளைகள். எல்லார் கையிலும் புத்தகம், கடைசி நேரத்தில் உதடு அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கண்டக்டர் "எடே, இறங்குந்நில்லே?" என்று கேட்டார். நெய்யாற்றின்கரைக்கு என்று சொல்லி மீண்டும் டிக்கெட் எடுத்தேன். அங்கே ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்தவன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் வளைகுடா, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஷீபாவின் பின்னால் இந்த ஊர். கார் உதிரிபாகக் கிடங்கில் வேலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

ஆனால் ஒருதடவை இறங்காமல் போனவனுக்கு அது பழகிவிடும். அதற்கப்புறம் எத்தனையோ நிறுத்தங்களில் நான் இறங்காமல் போயிருக்கிறேன். சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிக் கொடு என்றார்கள், எழுதவில்லை. சபைக் கமிட்டிக்கு நில் என்றார்கள், நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. பயந்தவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வராது.

ஆகையால் மகள் விட்டுவிடுகிறேன் என்றபோது எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். விடட்டுமே, ஏரி ஆழம், இடி மின்னல், படகு கவிழும் என்றான் ஒருவன். இது அவளுடைய முதல் நிறுத்தம், இங்கே இறங்காவிட்டால் அப்புறம் எங்கேயும் இறங்க மாட்டாள் என்றான் மற்றவன். இரண்டு பேரும் நான்தான். இரண்டு பேருக்கும் பயம்தான்.

அந்த வாரத்திலேயே எம்மாவின் அப்பாவுக்குத் தோளில் ஆபரேஷன் என்று ஆயிற்று. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. கேப்டன் இல்லாவிட்டால் படகு இல்லை. எம்மாவின் அம்மாவுக்குச் சனிக்கிழமை வேலை. ஷீபாவுக்கு வார்டில் டியூட்டி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படகு தருகிறேன், கூட உட்கார்ந்து ஓட்டப் பழக்கியும் தருகிறேன் என்றார் எம்மாவின் அப்பா.

"அப்பாவா?" என்றாள் ஆஷ்லின். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் என் சரித்திரம் முழுக்க இருந்தது.

மோட்டார் படகு ஓட்ட இங்கே தனி உரிமம் வேண்டும். உரிமத்துக்கு எழுத்துப் பரீட்சை. ஆண்டவர் என்னைச் சும்மா விடவில்லை பாருங்கள். படகின் இடது பக்கத்துக்கு ஒரு பேர், வலது பக்கத்துக்கு ஒரு பேர், சிவப்பு விளக்கு எந்தப் பக்கம், பச்சை எந்தப் பக்கம், எதிரே வருகிற படகுக்கு யார் வழி விட வேண்டும். கிடங்கில் பெட்டி தூக்கும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உரிமம் தருகிற ஆபீஸில் வரிசை நீளம். கவுண்டரில் இருந்த அம்மா விவரம் கேட்டுக்கொண்டே வந்தார். பிறந்த இடம் கேரளா என்றேன். அவரோடு அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் மலையாளி நர்ஸின் கணவராம். அப்படியானால் நீங்கள் மலையாளம் பேசுகிறவர் என்றார். பேசுவேன், ஆனால் வீட்டில் தமிழ் என்றேன். அப்படியானால் தமிழ்நாடா என்றார். இல்லை, கேரளாவேதான் என்றேன். இங்குள்ள மலையாளி சங்கத்தில் நாங்கள் தமிழர். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போனால் நாங்கள் மலையாளிகள். அந்த அம்மாவிடம் எல்லைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவர்கள் அடிக்க வருவார்கள். அவர் என் முகத்தைப் பார்த்து, பதற்றமாக இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம், எனக்கு டென்ஷன் உண்டு என்று சொல்லிவிட்டேன். இங்கே அந்த வார்த்தையை ஹைப்பர்டென்ஷன், ரத்த அழுத்த நோய் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மாத்திரை கொண்டு வந்திருக்கிறீர்களா, தண்ணீர் வேண்டுமா என்று அவர் எழுந்தே விட்டார்.

முதல் தடவை தோற்றேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். காரைக் கிளப்பிப் போய்விடலாம் என்று சாவியைத் திருகினேன். அப்புறம் நிறுத்தினேன். உள்ளே போய், மறுபடி எப்போது எழுதலாம் என்று கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பாஸ் ஆனேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆஷ்லின் போனிலிருந்து தலையைத் தூக்கி, "கங்கிராட்ஸ் அப்பா" என்றாள். ஷீபாதான் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். மகளுடைய பரிசுத் தாள்களுக்குப் பக்கத்தில்.

3

இனி நிறத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் என் பங்கு அங்கேதான் இருக்கிறது.

நானும் ஜஸ்டினும் வராலுக்கு வீசின லூர் கடையில் வாங்கினது இல்லை. தேய்ந்த ஹவாய் செருப்பின் அடியைப் பிளேடால் தவளை வடிவில் வெட்டுவோம். வயிற்றில் இரட்டைக் கொக்கி. பின்னால் சைக்கிள் ட்யூபில் கிழித்த இரண்டு கால். செருப்பு மேலே வெள்ளை, கீழே நீலம். அப்படியே போட்டால் வரால் ஏறிட்டும் பார்க்காது. ஜஸ்டினின் அப்பா சர்ச்சுக்குப் போகிற ஷூவுக்கு வைத்திருந்த கறுப்பு பாலிஷை எடுத்துத் தடவுவோம். கறுத்த தவளை தண்ணீரில் விழுந்து நாலு துடி துடித்தால் போதும், அடி விழும். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா வெளுத்த ஷூவோடு சர்ச்சுக்குப் போவார். திங்கட்கிழமை அவனுக்கு அடி விழும்.

ஏன் கறுப்பு என்பதற்கு எங்களிடம் காரணம் இருந்தது. மீன் கீழே கிடந்து மேலே பார்க்கிறது. மேலே ஆகாசம் வெளிச்சம். வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புத்தானே தெளிவாகத் தெரியும்? யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களே கண்டுபிடித்தோம் என்று பெருமை.

ஆஷ்லின் அணியில் சேர்ந்த நாளில் இதைத்தான் அவளுக்குச் சொன்னேன். கறுப்புப் போடு மக்ளே, கறுப்புத் தோற்காது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. கறுப்புத்தான், ஆனால் வெயில் உச்சிக்கு வந்தால்? கறுப்புத்தான், ஆனால் மேகம் மூடினால்? ஆனால் மழை பெய்து கலங்கினால் மஞ்சள் ஒன்று இருக்கட்டுமே? நான் ஒரு 'ஆனால்' சொல்லும்போதெல்லாம் அவளுடைய பெட்டியில் ஒரு லூர் கூடிற்று. இணையத்திலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நிறம்தான் எல்லாம் என்று ஒருவர். நிறம் ஒன்றுமே இல்லை, துடிப்பும் சத்தமும் உருவமும்தான் என்று இன்னொருவர். அவள் இரண்டு பேரையும் நம்பினாள். எம்மாவின் பெட்டியில் பச்சைத் தவளை ஒன்றும், பெயின்ட் உரிந்துபோன வேறு இரண்டும் கிடந்தன. ஆஷ்லின் பெட்டியைத் திறந்தால் திருவிழாவுக்கு வளையல் கடை விரித்ததுபோல இருக்கும்.

மே மாதப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். கறுப்பு, கருநீலம், மஞ்சள், வெள்ளை, எலும்பு நிறம், வயிற்றில் மட்டும் சிவப்பு. ஒன்றை எடுப்பாள், வைப்பாள். வானிலையைப் பார்ப்பாள். மறுபடி வரிசையை மாற்றுவாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த உதட்டை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியதும் எனக்கு வியர்த்தது.

வெளியே போய் ஜஸ்டினைப் போனில் விளித்தேன். ஊரில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. அவன் திருப்புறம் பக்கம் நெய்யாற்றுக் கரையில் தூண்டிலோடு நின்றான், பின்னால் காக்கைச் சத்தம்.

"நாளைக்கு மோளுக்குப் போட்டிலே, அவளுக்கு ஒரே வெப்ராளம். எந்த கலர் போடச் சொல்லணும்?"

"எலே, மீன் என்ன துணிக்கடைக்கா போவுது, கலர் பாத்து எடுக்கதுக்கு?"

"வெளையாடாதே. நீ இப்பமும் கறுப்புத்தானே போடுக?"

"இஞ்ச கறுப்பு. மலையில மழை. அம்பூரியில உள்ள செம்மண்ணு முழுக்க ஆத்துல வருது. பால் விட்ட சாயா மாதிரி கெடக்கு வெள்ளம். கறுப்பு இல்லாம என்னத்தப் போட?" தண்ணீருக்கு நம் பக்கத்தில் வெள்ளம் என்றுதான் சொல்வது. அப்புறம் அவன் கேட்டான். "அங்க வெள்ளம் எப்படி?"

"வெள்ளம் வெள்ளம் மாதிரித்தான் இருக்கு."

"நல்ல ஆளு. ரெண்டு வருசமா மோளுக்கு உபதேசம். ஒருநாளாவது எறங்கிப் பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. கரையில் நின்று, படகு போகிற திசையைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, மணியைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறேன். தண்ணீரைக் குனிந்து பார்த்ததில்லை.

"அது போட்டும்," என்றான் ஜஸ்டின். "கெடைக்க மீன என்ன செய்வியோ? கறியா, பொரிப்பா?"

"உயிரோட எடை போட்டு, திரும்ப ஏரியிலயே விட்டுருவாங்க."

"விட்டுருவியளா! அப்பம் அவ எதுக்குல பயந்து பேடிக்கியா?"

4

காலையில் குளியலறையில் குழாய் திறந்திருந்தது. நான் வெளியே நின்றேன். கதவைத் தட்டவில்லை. அவள் வந்தாள், முகம் கழுவியிருந்தாள்.

"அப்பா, ஒரு காரியம். நீங்க படகு ஓட்டினா போதும். லேக்ல வச்சு ஒண்ணும் பேசக் கூடாது. ப்ளீஸ்."

"பேசல மக்ளே."

"அப்பா, சத்தியமா?"

"சத்தியமா."

கேப்டன் ஆலோசனை சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அவளுடைய விதி வேறு. பெரிய இன்ஜினை நான் ஓட்டி ஓர் ஓடைமுகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்புறம் முன்னால் இருக்கும் சின்ன மின்மோட்டாரை எம்மா காலால் மிதித்துப் படகை மெல்ல நகர்த்தினாள். எனக்கு வேலை முடிந்தது. கவலைக்காரன் ஒருவனை நடுப்படகில் உட்கார்த்தி, கையில் வேலையும் கொடுக்காமல், வாயையும் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டையின் வாரைத் தொட்டுப் பார்த்தேன். எம்மாவின் வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மேற்கே ஒரு மேகம் இருந்தது. அதைப் பார்த்தேன்.

ஏரியின் மேலே புகைபோல மூட்டம். கரையோரம் அங்கங்கே மீன் புரளும் சத்தம். எம்மா ஒரு கையால் ரொட்டி தின்றுகொண்டே பச்சைத் தவளையை வீசினாள். ஆஷ்லின் கறுப்பைக் கட்டியிருந்தாள். இரண்டு வீச்சு. சுருட்டினாள். அவிழ்த்தாள். மஞ்சள். மூன்று வீச்சு. மறுபடி அவிழ்த்தாள். முடிச்சு விழவில்லை. நைலான் நுனியைப் பல்லால் கடித்தாள். கிழக்கே வெளுத்துவிட்டது. இந்த வெளுப்பு இருக்கிற வரைக்கும்தான் டாப்வாட்டர், எனக்கும் தெரியும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவசரப்படாதே என்று சொன்னால் அவசரப்படுவாள். சீக்கிரம் என்று சொன்னால் அழுவாள்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் படகுக்கு வெளியே விட்டேன். தண்ணீர் குளிர்ச்சி. என் கையை முழங்கை வரைக்கும் விட்டேன். விரல்கள் தெரிந்தன. கல்யாண மோதிரம் தெரிந்தது, மோதிரத்தில் இருக்கிற சின்னச் சிலுவைகூடத் தெரிந்தது. அதற்குக் கீழே, எவ்வளவோ ஆழத்தில், முறிந்து கிடந்த ஒரு மரத்தின் கிளை பச்சையாகத் தெரிந்தது. அந்தக் கிளைக்கு மேலே வெள்ளியைத் தூவினதுபோலச் சின்ன மீன்குஞ்சுகள் ஒரே பக்கமாகத் திரும்பின.

நெய்யாற்றில் மழைக்காலத்தில் கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அந்தத் தண்ணீருக்குத்தான் நான் இரண்டு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வி இங்கே, பதில் அங்கே. அவள் நடுவில் நின்று இரண்டையும் பொருத்தப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா." அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு கையில் கருநீலம், மறுகையில் வெள்ளை. கண் நிறைந்திருந்தது. "எது?"

"பேசக் கூடாதுன்னு சொன்னியே."

"இப்பம் கேக்கேன்லா. எது போட?"

"எனக்குத் தெரியாது."

அவள் நம்பவில்லை. நான் ஒரு கேள்விக்கும் அப்படிப் பதில் சொன்னதை அவள் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியாத இடங்களில்தான் நான் அதிகமாகப் பேசுவேன்.

"தெரியாதா?"

"நான் சொன்னது முழுக்க நம்ம ஆத்து வெள்ளத்துக்காக்கும். அது சாயா மாதிரி கெடக்கும். இது எனக்குத் தெரியாது மக்ளே. கையை விட்டே இன்னைக்குத்தான் பாக்கேன். ரெண்டு வருசமா இதுல நிக்கது நீதானே."

எம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். ஆஷ்லின் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். நான் பார்த்த அதே குஞ்சுகளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"இஞ்ச அதுங்க தவளையா தின்னுது," என்றாள் மெதுவாக, எனக்குச் சொல்கிறமாதிரி இல்லை. "இந்த மாசம் இந்தக் குஞ்சத்தான் தின்னும். வெள்ளை."

வெள்ளையைக் கட்டினாள். ஒரே முடிச்சில் கட்டினாள் என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை விட்டுப்போய் மூன்றாவதில்தான் விழுந்தது.

வீசினாள். லூர் விழுந்து, அவள் தூண்டில் ராடின் நுனியை ஆட்ட, இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பி நடந்து வந்தது. தண்ணீர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் அவள் ராடைச் சுண்டி இழுத்தாள். மீன் வாயில் வாங்குவதற்கு முன்னாலேயே இழுத்துவிட்டாள். கொக்கியோடு லூர் பறந்து என் காதுக்குப் பக்கத்தில் போய்ப் பின்னால் விழுந்தது. நாங்கள் வராலில் செய்த தப்பு அதுவே. பயந்தவன் சத்தத்துக்கு இழுப்பான். கனம் கைக்கு வருகிற வரைக்கும் பொறுத்து இழுப்பது பயந்தவனுக்கு வராது.

ராடைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, காதுல பட்டுதா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. வாயைத் திறந்தால் வேறு என்னென்னவோ வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"சாரி," என்றாள். லூரைச் சுருட்டி எடுத்து, நுனியில் பாசி இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்தாள். அதே இடத்தில் வீசினாள். ஒன்றுமில்லை. மறுபடி வீசினாள். ஒன்றுமில்லை. அதே நிறம்தான். எம்மா பச்சைத் தவளையில் ஒரு மீனை ஏற்றினாள். பச்சை! ஆஷ்லின் அதைப் பார்த்தாள். அவளுடைய கண் பெட்டிப் பக்கம் போயிற்று. என் கண்ணும் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் திறந்தபோது அவளுடைய லூர் தண்ணீரில் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. அவள் இழுக்கவில்லை. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தன. உதட்டைக் கடித்திருந்தாள். நூல் தானாக நகர்ந்தது. இன்னும் அவள் இழுக்கவில்லை. இழு, இழு, இழு என்று உள்ளே கத்தினேன். ராடு மெல்ல வளைந்தபோதுதான் தூக்கினாள்.

பெரிய மீன் ஒன்றும் இல்லை. என் முன்கை நீளம் இருக்கும். படகுக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் அதை விடும்போது அவள் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

5

ஆகையால் நிறம் முக்கியமா என்று கேட்டால், ஒரே காலையில் ஒரே ஓடைமுகத்தில் பச்சையிலும் ஒன்று வந்தது, வெள்ளையிலும் ஒன்று வந்தது. கலங்கின தண்ணீரில் மீன் நிழலையும் துடிப்பையும் பார்த்து அடிக்கிறது என்று நினைக்கிறேன். தெளிந்த தண்ணீரில், அது அங்கே என்ன தின்கிறதோ அந்த நிறத்துக்கு ஒருவேளை மதிப்பு உண்டு. இவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது, இதுவும் சரிதானா என்று சந்தேகம். எந்த நிறமானாலும் தண்ணீரில் கிடந்தால்தான் மீன் அடிக்கும். பெட்டிக்கும் முடிச்சுக்கும் நடுவில் இருக்கிற நிறத்தை ஒரு மீனும் பார்த்ததில்லை.

கோப்பை வேறு யாருக்கோ போயிற்று. நாங்கள் நடுவில் எங்கேயோ. எம்மாவின் அப்பா கட்டுப்போட்ட தோளோடு கரையில் நின்று, படகில் கீறல் இல்லை என்று எனக்குக் கை கொடுத்தார். எம்மா அவரோடு போனாள். நானும் ஆஷ்லினும் படகை டிரெய்லரில் ஏற்றி, வாரை இழுத்துக் கட்டினோம். அவர் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியது எங்கள் பொறுப்பு. அவள் முன்னிருக்கையில் ஏறி ஷூவைக் கழற்றிவிட்டு, காலை மேலே தூக்கி வைத்தாள்.

மே மாதத்தோடு விட்டுவிடுவேன் என்று சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பயம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா," என்றாள், கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே. "எம்மாக்க அப்பாக்குத் தோள் சரியாக இன்னும் மாசக் கணக்கு ஆவுமாம். அடுத்த வருசமும் நீங்க ஓட்டுவியளா?"

"அடுத்த வருசமா? அதுக்குள்ள உரிமத்தப் புதுக்கணுமோ என்னவோ. பிப்ரவரிப் போட்டிக்கு நல்ல காத்து உண்டு, அந்தப் பாலத்துக்குக் கீழ..."

"அப்பா."

"ஓட்டுதேன்."

"அவ்வளவுதான் கேட்டேன்."

அவள் இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். நான் இறங்கிப் பின்னால் போய் டிரெய்லர் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. ஏறப் போனவன், வார் தளர்ந்திருக்குமோ என்று திரும்பிப் போய் ஒருதடவை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. விளக்கையும் இன்னொருதடவை பார்த்துவிடலாம் என்று குனிந்தபோது, உள்ளேயிருந்து கையை நீட்டி அவள் ஹார்ன் அடித்தாள்.